மணம் போய்விடக் கூடாது

முதல் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி காபியைச் சுவை நிபுணர் உறிஞ்சி முடித்த பிறகும் உறிஞ்சும் சத்தம் நிற்கவில்லை.

அவருடைய உறிஞ்சல் பிரசித்தமானது. பல நாட்டு மேடைகளில் கைதட்டல் வாங்கியது; வீட்டில் மட்டும் மனைவி, "மாடு தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். சர்ரென்று ஒரே இழுப்பு, நாக்கில் பரவவிட்டு, பக்கத்துக் குவளையில் துப்பிவிடுவார். அதற்கு எதிரொலி வர நியாயமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி முக்காலிதான் இருந்தது.

"மலைக் காத்துங்கய்யா," என்றார் எஸ்டேட் மேனேஜர். நிபுணர் தும்மினால்கூடக் குறிப்பெடுக்கும் ரகம்.

"ஜன்னலெல்லாம் மூடித்தானே இருக்கு?"

"நீங்க சொன்னபடி ஒரு இடுக்கு விடாம மூடியாச்சுங்கய்யா."

வெளியே, பிற்பகல் மூன்று மணிக்கே, மூடுபனி காபிச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் முகம் பதித்து நின்றது. உள்ளே வறுத்த கொட்டையும் வெந்நீர் ஆவியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. அதற்கெல்லாம் அடியில், தோலுரித்த பழம் நாள்கணக்கில் புளித்த ஒரு நெடி. அது அவருக்குத் தெரிந்த நெடி. போன வருடம் அவரே அதற்கு ஏழு அடைமொழிகள் சூட்டியிருந்தார்.

வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கெட்டிலைக் கீழே வைத்தாள். "என்னைத் தெரியுதுங்களா சார்? தொட்டிக்காரர் சம்சாரம்."

தெரிந்தது. தோலுரித்த காபியை நான்கு நாள் காற்றுப்படாமல் தொட்டியில் மூடிவைப்பது போன வருடம் நிபுணர் கொண்டுவந்த திட்டம். தொட்டியைத் திறந்தால் அரை நாள் ஆறவிட்டு இறங்குவது அந்த எஸ்டேட்டின் வழக்கம். "ஆறவிட்டா மணம் போயிடும். உடனே இறங்கி அடியிலேருந்து ஒரு கை அள்ளிட்டு வாய்யா," என்றார் நிபுணர். தொட்டிக்காரர் இறங்கினார். உள்ளே தேங்கியிருந்த வாயுவில் மூச்சுவிட ஒன்றுமில்லை; பிணமாகத்தான் மேலே வந்தார். விசாரணையில் நிபுணர் எழுதிக்கொடுத்தார்: குடித்துவிட்டு இறங்கினார்.

"எங்க வீட்டுக்காரர் காபிகூடக் குடிக்க மாட்டாரு சார். வயித்துக்கு ஒத்துக்காது. அவரைப் போய் குடிகாரன்னு எழுதிட்டீங்க. எம் பொண்ணை ஸ்கூல்ல அப்படித்தான் கூப்பிடறாங்க, குடிகாரன் மகள்னு. நான்தான் இறங்கச் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திடுங்க. போதும்."

மேனேஜர் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"இதோ பாரும்மா." நிபுணர் மேடைக் குரலை எடுத்தார். "சுவை பார்க்கிற இடத்துல பேச்சே கூடாது. ரெண்டு பேரும் வெளியே போங்க. நான் கூப்பிடற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

"முடிவா சொல்றீங்களா சார்?"

"முடிவாத்தான்."

அவள் தலையாட்டினாள். காலி முக்காலியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது.

இரண்டாவது கோப்பை. அவர் உறிஞ்சினார். எதிரே அதுவும் உறிஞ்சியது. அதில் கரண்டியின் ஓசை இல்லை, காபியின் ஓசை இல்லை, வறண்ட தொண்டைக்குள் காற்று மட்டும் போகும் ஓசை, ஆழம் தெரியாத கிணற்றில் கயிறு இறங்குவதுபோல நீண்டு, நீண்டு, ஒருமுறைகூட வெளியே திரும்பாமல். கோப்பைகளின் ஆவி முக்காலிப் பக்கம் சாய்ந்தது. குறிப்பேட்டின் தாள் சாய்ந்தது. அவருடைய மப்ளரின் நுனி சாய்ந்தது.

இதற்கு ஓர் அடைமொழி தேடினார். கிடைக்கவில்லை.

கதவை இழுத்தார். அசையவில்லை. "மேனேஜர்!" என்ற குரல் வாயிலிருந்து புறப்பட்டு, திசைமாறி, எதிர்ப்பக்கம் போய்விட்டது.

கண்ணாடிக்கு வெளியே, பனியில், அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அவர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

சொல்லிவிடலாம். இப்போதே. நான்தான் இறங்கச் சொன்னேன். நான்தான்.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை. சத்தத்துக்குக் காற்று வேண்டும்.

எழுதலாம். பேனா. எடுத்தார். நழுவியது. உருண்டது. முக்காலியின் அடியில்.

மண்டியிட்டுக் கையை நீட்டினார்.

அங்கே இரண்டு பாதங்கள். விரலிடுக்குகளில் பிசுபிசுத்த காபிக் கொட்டைகள்.

இழுப்பு நின்றது.

பிசின் படிந்த விரல்கள் அவருடைய தாடையைப் பற்றி, குழந்தைக்கு மருந்து ஊட்டுவதுபோல, வாயைத் திறந்தன. தொட்டியில் இழுத்து ஒரு வருடமாக உள்ளேயே வைத்திருந்த மூச்சை, வாயோடு வாய் பொருத்தி, அது மெல்ல அவருக்குள் விடத் தொடங்கியது.