வந்து சேர்ந்தவர்கள்

கட்டில் எண்ணிக்கையில்தான் முதலில் இடித்தது.

"பத்துப் பேர், ஒரு ராத்திரி, பத்துக் கட்டில். எழுதிக்கிட்டேன் சார்," என்றார் அக்கரைப் படகுக் கிளப்புக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர், தொலைபேசியில். "முன்னாடியே வந்து இறங்கிட்டாரே ஒருத்தர், அவரைச் சேர்த்துப் பத்தா, சேர்க்காமப் பத்தா?"

"யாரும் வரலையே. நாங்க சனிக்கிழமைதான் கிளம்புறோம்."

"அப்படியா? உங்க ஆளுன்னுதான் சொன்னாரு. சரி, வேற யாராவது இருக்கும்."

இருக்கும் என்றுதான் போன் செய்தவரும் நினைத்தார். ஆனாலும் தாளில் '10' என்று எழுதிய பேனா, அந்தச் சுழியைச் சுற்றிச் சுற்றியே வந்து கடைசியில் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

இக்கரைப் படகுக் கிளப்பில் அவரை எல்லோரும் 'பட்டியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைச் சரிபார்க்கிற வேலை. அங்கே பிடித்த வியாதி. எந்தப் படகில் யார், யாருக்குக் குமட்டல், யாருக்குக் குறட்டை, குளியலறைக்குள் போனால் வெளியே வராத புண்ணியவான் யார், எல்லாம் தாளில் இருந்தாக வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்துக்குக் கேள்விகளைப் பட்டியலாக எழுதி எடுத்துப்போய், பன்னிரண்டாவது கேள்வியில் பெண் எழுந்து போய்விட்டதாக ஒரு கதை உலவுகிறது. அது பொய். ஏழாவது கேள்வியிலேயே போய்விட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை கிளப்பின் பாய்மரப் படகுகள் சனிக்கிழமை காலை கிளம்பி, விரிகுடாவைக் கடந்து, அக்கரைக் கிளப்பில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் திரும்பும். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வெயிலில் தோல் உரிய நாலு பேர் கூடிச் சிரித்துவிட்டு வருவதற்குப் பெயர் உல்லாசப் பயணம். ஏற்பாடு முழுக்கப் பட்டியலின் தலையில்.

செவ்வாய் மாலை கிளப் மாடியறையில் கூடினார்கள். வார்னிஷும் நனைந்த கயிறும் கலந்து நாறுகிற அறை.

"யோவ் பட்டியல், இன்பமாப் போயிட்டு வர்ற சமாச்சாரம்யா இது. நீ என்னமோ படையெடுக்கிற மாதிரி தாளை நீட்டுற," என்றார் பல்டாக்டர். கிளப்பிலேயே பெரிய படகு அவருடையது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கமாட்டார்.

"சும்மா இருங்க டாக்டர். அவர் தாள் இல்லேன்னா நீங்க கரையிலேயே தொலைஞ்சு போயிருவீங்க," என்றார் கணக்கு டீச்சர். "நடுவுல மிதவைகிட்ட நிறுத்தி, படகெல்லாம் சேர்த்துக் கட்டி, டீ குடிக்கிறது இந்த வருஷமும் உண்டுதானே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் தன் நகங்களை ஆராய ஆரம்பித்தார். கீழே படகுகளின் கம்பங்களில் கயிறுகள் மோதும் ஒலி மட்டும், டிக், டிக், டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"என் பேரையும் எழுதுண்ணே."

வாசலில் பட்டியலின் தங்கச்சி நின்றிருந்தாள். ஒரு வருடமாக அந்தப் படியை மிதிக்காதவள்.

"உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?"

"அவரு விழுந்த இடத்தை ஒருதடவை பாத்துட்டு வந்துடுறேன்."

பட்டியல் எழுதினார். பதினொன்று.

மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டு, கட்டிலைப் பதினொன்றாக்கச் சொன்னார்.

"அப்ப அவரைச் சேர்த்துத்தானா? நல்லதாப் போச்சு," என்றார் மேனேஜர். "சார், சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க. படகுத்துறை நுனியில உட்காந்தவரு உள்ள வரவே மாட்டேங்கிறாரு. உடம்பெல்லாம் ஈரம். துண்டு குடுத்தேன், வாங்கல. பேரு கேட்டா, 'வந்தாச்சுன்னு பட்டியல் எழுதியிருக்காரு, அவரையே கேளுங்க'ங்கறாரு. பாக்கவே பாவமா இருக்கு சார். இடுப்புல பெல்ட்டும் இல்ல. எழுந்து நடந்தா, ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே நடக்குறாரு."

அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் தும்மினார். பட்டியல் தொலைபேசியை, அது இருக்கிற இடத்தை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவையில் வைத்தார்.

அந்த பெல்ட் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

போன வருடம் மிதவையருகே ஐந்து படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் டீக் கோப்பையோடு படகுக்குப் படகு தாவிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, அதாவது தங்கச்சியின் புருஷன், டாக்டர் படகில் வந்தவர். கட்டுகளை அவிழ்த்தபோது அவர் டீச்சர் படகுக்குத் தாவிவிட்டதாக டாக்டர் நினைத்தார்; டாக்டரிடமே திரும்பிவிட்டதாக டீச்சர் நினைத்தார். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. அக்கரையில் முதலில் இறங்கிய பட்டியலுக்கு மனசெல்லாம் வெந்நீர்க் குளியலில். படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்டக் கட்ட, அந்தந்தப் படகுக்கு நேரே எழுதியிருந்த பெயர்களுக்கெல்லாம் 'வந்தாச்சு' என்று குறி போட்டுக்கொண்டே போனார். படகுகளைப் பார்த்தார். முகங்களைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம் என்றதும், களைப்பில் படுத்திருப்பார் என்றார்கள். விடிந்ததும், கட்டில் விரிப்பு கலையாமல் இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார். பட்டியல் தாளைப் பார்த்தார். தாளில் குறி இருந்தது.

"நான்தான் சார். இங்க துறையில இறங்குறதைக் கண்ணால பாத்தேன்."

அதனால் இரண்டு நாள் அந்தத் துறையைச் சுற்றியே சேற்றைத் துழாவினார்கள். மூன்றாம் நாள் நடு விரிகுடாவில் மீன்பிடிக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். மிதவையின் இரும்பு வளையத்தோடு மணிக்கட்டைத் தன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். முந்தின நாள் மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார்கள். துறையிலிருந்து நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டரும் டீச்சரும் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார்கள். பட்டியல் போட்ட அந்த ஒரு குறி எல்லோருக்கும் குடையாக இருந்தது. நனைந்தவர் ஒருவர்தான்.

பிறகு பட்டியல் தங்கச்சியைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். பழம் நறுக்கிக் கொடுத்தார், கொசுவலை கட்டிவிட்டார், அவள் சிரிக்கட்டும் என்று கோமாளித்தனம் செய்தார். உண்மையைச் சொல்வது ஒன்றைத் தவிர எல்லாம் செய்தார். அதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது காலில் விழுவது. ஒரு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

வியாழன் மாலை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் ஒரு வாடை நின்றிருந்தது. பாசியும், டீசலும், பல நாள் மூட்டையாகக் கிடந்த ஈரத்துணியின் புளிப்பும் கலந்த வாடை. சன்னல்களைத் திறந்தார், அது போகவில்லை, இடம் மட்டும் மாறியது. தங்கச்சியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள், தூங்க வைக்கிறவள் மாதிரித் தணிந்த குரலில், இடையிடையே 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டு. ஆனால் எதிரே பேசுகிற குரல் எதுவும் கேட்கவில்லை. அவள் நிறுத்துகிற இடங்களில் நனைந்த துணி தரையில் இழுபடுகிற சத்தம். கொஞ்ச தூரம். நிற்கும். மறுபடி கொஞ்ச தூரம்.

"யாரும்மா உள்ள?"

சத்தம் நின்றது.

"ஒண்ணுமில்லண்ணே. துணி மடிக்கிறேன்."

அவர் கதவைத் தட்டவில்லை. சமையலறையில் போய், விளக்கையெல்லாம் போட்டுக்கொண்டு, விளக்குகளை எண்ணினார்.

வெள்ளிக்கிழமை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "அண்ணே. அன்னைக்கு அவரு துறையில இறங்குறதை நீ கண்ணால பாத்தியா?"

இதோ, வந்துவிட்டது. தாளில் முதல் வரி தயாராக இருந்தது. 'பாப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.' ஐந்தே வார்த்தை. வாயைத் திறந்தார்.

"பாத்தேம்மா."

"முகத்தை?"

"ம். சிரிச்சாரு. கையைக்கூட ஆட்டினாரு." எதற்கு அந்தக் கை என்று அவருக்கே தெரியவில்லை. பொய்க்குப் பட்டியல் போடாமலே வார்த்தை வருகிறது.

"எந்தக் கை?"

"வலது கை."

அவள் குழாயை மூடினாள். தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"வலது கையாலதான் பேன்ட்டைப் பிடிச்சிருக்காரு, பாவம்," என்றாள். ஈரக்கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பளிச்சென்று விடிந்தது. பயணத்தை ரத்து செய்ய ஒன்பது காரணம் எழுதி வந்திருந்தார். டாக்டர் முதல் காரணத்திலேயே முதுகில் தட்டிச் சிரித்துவிட்டுப் போய்ப் பாயை ஏற்றினார். படகுகள் ஒவ்வொன்றாக விலகின. தொலைபேசி அடித்தது. மேனேஜர்.

"உங்க ஆளு இங்க இல்ல சார். வியாழக்கிழமையே கிளம்பிட்டாரு, சொல்ல மறந்துட்டேன். உங்க படகுல உங்ககூடவே வர்றாராம். தடுத்துப் பாத்தேன். துறைப்படியில இறங்கினாரு, இறங்கினாரு, அப்படியே..." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு நீச்சல் தெரியும்தானே சார்?"

பட்டியலின் படகு சின்னது, இரண்டு பேருக்கானது. அவரும் தங்கச்சியும் என்று எழுதியிருந்தார். அவள் துறையில் நின்று கையை நீட்டினாள்.

"நான் வரலண்ணே. தாளைக் குடு. கரையில ஒருத்தர் பொறுப்பா இருக்கணும்ல?"

வெட்கக்கேடு, அந்த நேரத்தில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அவள் வராவிட்டால் டீச்சரிடமும் டாக்டரிடமும் எதுவும் கேட்கமாட்டாள். அக்கரை மேனேஜரிடம் பேசமாட்டாள். எல்லோருக்கும் நடுவே அந்தக் கேள்வி எழாது. தாளை அவளிடம் கொடுத்துவிட்டுத் துள்ளி ஏறினார். அவள் கயிற்றை அவிழ்த்து, படகைக் காலால் தள்ளிவிட்டாள்.

முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. வெயில், காற்று, வயர்லெஸ் பெட்டியில் டாக்டர் பாடுகிற பாட்டு, முன்னால் நாலு வெள்ளைப் பாய்கள். பிறகுதான் கவனித்தார், தன் படகு மட்டும் பின்தங்குவதை. காற்று குறையவில்லை. பாய் புடைத்துத்தான் இருந்தது. படகின் மூக்கு தாழ்ந்திருந்தது, எதிர்ப்பலகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு.

எதிர்ப்பலகையில் யாருமில்லை.

பலகை நனைந்திருந்தது.

அலை தெளித்திருக்கும். அலையே இல்லை. பலகையின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. அந்த வாடை.

சுக்கானைத் திருப்பினார். அது திரும்பவில்லை. வலுவாகத் தள்ளினார். வேறொரு பலம் அதை மெல்லத் தன் பக்கம் வைத்துக்கொண்டது. படகு மற்றவர்களை விட்டுத் தனியாக, மிதவையை நோக்கி நேராகப் போனது.

வயர்லெஸ் கரகரத்தது. தங்கச்சியின் குரல்.

"டாக்டர், அண்ணன் கரைக்கே திரும்பிட்டாரு. வயிறு சரியில்லையாம். நீங்க போங்க, அவரைத் தேட வேண்டாம்."

"அட, நெனச்சேன்!" என்று டாக்டர் சிரித்தார். "பட்டியல்ல வயித்துக்கு ஒரு வரி விட்டிருக்கமாட்டாரு. பத்திரமா வந்துட்டாருல்ல?"

"வந்தாச்சு டாக்டர். கண்ணால பாத்துட்டேன்."

பட்டியல் பொத்தானை அழுத்திக் கத்தினார். பெட்டியின் துளைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. தூரத்தில் நாலு பாய்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. நாலு புள்ளி. பிறகு அதுவும் இல்லை.

பாய் தானாகத் தொய்ந்தது.

படகு நின்றது.

பட்டியல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தலையைக் குனிந்து, மோவாயை மார்போடு அழுத்திக்கொண்டார். பார்க்கக் கூடாது. பார்க்காவிட்டால் இல்லை. இத்தனை காலம் அப்படித்தானே இருந்தது. எதிர்ப்பலகை முனகியது. நனைந்த துணி இழுபட்டது. கொஞ்ச தூரம். நின்றது. படகின் பாரம் அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"மாப்ள," என்றார், கண்ணைத் திறக்காமல். "நான் சொல்லிடுறேன். இன்னைக்கே சொல்லிடுறேன்."

நெற்றியில் குளிர்ந்த மூச்சு. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

ஊறி உப்பிய இரண்டு விரல்கள் அவர் மோவாய்க்கடியில் நுழைந்து, மெல்ல, கொஞ்சமும் அவசரமில்லாமல், அவர் முகத்தை நிமிர்த்தின. மற்ற விரல்கள் அவர் இமைகளைத் தேடி வந்தன.