வெளிநாட்டு முதலீடு, உள்ளூர் பிணம்!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சுகுமாறன் அப்போதுதான் பூட்ஸைக் கழற்றியிருந்தார். இரவு டியூட்டி முடிந்த காலை. கண் எரிந்தது.

"துவான்... பிணம்!" சார்ஜன்ட் நவ்சாத்தின் குரல்.

"யாரு?"

"தெரியல துவான். கால்ல செலிப்பர் போட்டிருக்கான். நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்கு. சிம்பாங் ரெங்கம் புது தொழிற்பேட்டை. தண்ணி டேங்க் பக்கத்துல கெடக்கான்."

சுகுமாறன் பெருமூச்சு விட்டார். பூட்ஸை மறுபடி மாட்டினார்.

செம்பனைத் தோட்டத்தை அழித்துப் போட்ட தொழிற்பேட்டை. ரோடு இருந்தது. விளக்குக் கம்பம் இருந்தது. தொழிற்சாலைதான் இல்லை! வருடக்கணக்கில் மாடுதான் மேய்ந்தது.

இன்று மட்டும் வாசலில் கொடிகள்... சிவப்புக் கம்பளம்... மேளக்காரர்கள்!

பேட்டையின் முதலாளி, டத்தோ பட்டம் வாங்கிய ரூபேந்திரன் ஓடி வந்தார். கோட்டுக்குள் வியர்வை.

"இன்ஸ்பெக்டர்! டென்மார்க் மருந்து கம்பெனி மேடம் இன்னிக்கு வர்றாங்க. அதுக்குள்ள பிணத்த தூக்கிடுங்க லா!"

"தூக்கலாம். மொதல்ல பாக்கணும்."

"அவங்க இங்க வரலேன்னா பக்கத்து ஊரு யோங் பெங்குக்குப் போயிடுவாங்க. இந்த எடம் மறுபடி காடுதான். நம்ம பிள்ளைங்க இன்னும் எத்தன வருஷம் சிங்கப்பூருக்கு பைக்குல ஓடணும்?"

"இவன் இனிமே எங்கயும் ஓட மாட்டான் டத்தோ."

பிணத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பின்மண்டை உடைந்திருந்தது. பையில் ஒன்றுமில்லை. போனும் இல்லை.

"இவனத் தெரியுமா?"

"மூஞ்சியே பாத்ததில்ல!"

"யாரா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"யோங் பெங்காரனுங்க அனுப்புன ஆளா இருக்கும். நம்ம தண்ணி சரியில்லன்னு கத கட்ட, பாட்டில் பாட்டிலா புடிச்சிகிட்டு..."

சுகுமாறன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"என்ன பாட்டிலு?"

ரூபேந்திரனின் கண் தன் கார் பக்கம் ஓடியது.

"இங்க ஒரு பாட்டிலும் இல்லையே டத்தோ... நவ்சாத்! டத்தோ கார் டிக்கியத் தொற!"

திறந்தார் நவ்சாத்.

தண்ணீர் நிரப்பிய சின்னச் சின்ன பாட்டில்கள்! அணைத்து வைத்த ஒரு போன்! ரத்தம் காயாத ஒரு ஸ்பேனர்!

"அலமாக்..." என்றார் நவ்சாத்.

"வெரட்டத்தான் போனேன்!" ரூபேந்திரன் உடைந்தார். "போட்டோ வேற எடுத்தான். யாருடா நீன்னு கேட்டா சிரிக்கிறான்! இந்த மேடம் வர்ற நாள்ல கெடுத்துருவானேன்னு... ஒரே அடிதான் இன்ஸ்பெக்டர்..."

வாசலில் கார் வந்து நின்றது.

மேளம் முழங்கியது! வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கினாள். மாலையை ஒதுக்கினாள். சுற்றிலும் பார்த்தாள்.

"ஜாஸிம் எங்கே?" ஆங்கிலத்தில் கேட்டாள். "எங்கள் ஆள். சிங்கப்பூர்க்காரர்."

நவ்சாத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"எந்த ஊரில் தொழிற்சாலை என்று முடிவு செய்வது அவர்தான். சொல்லாமல்தான் வருவார். கடையில் சாப்பிடுவார், பஸ்ஸில் போவார், தண்ணீரைச் சோதிப்பார். நான் கையெழுத்துப் போட வந்தவள், அவ்வளவுதான்."

போனை நீட்டினாள். நேற்று மாலை வந்த செய்தி.

'இந்த இடம்தான். எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் தண்ணீரை மட்டும் பார்த்துவிடுகிறேன்.'

சுகுமாறன் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். அவள் பிணத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி நடந்து காரில் ஏறினாள்.

"யோங் பெங் எவ்வளவு தூரம்?" டிரைவரிடம் கேட்டாள்.

கார் போய்விட்டது. மேளக்காரர்களுக்கு நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

ரூபேந்திரன் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஆளு மாதிரி இருந்தானே இன்ஸ்பெக்டர்... முதலீடு பண்ண வர்றவன் செலிப்பரா போட்டுட்டு வருவான்?"

சுகுமாறன் விலங்கை மாட்டினார்.

"இனி என் கதி?"

"கவலப்படாதீங்க டத்தோ. ரிமாண்டு ஆர்டர் இன்னிக்கே கெடச்சிரும். இந்த ஊர்ல பேக்டரி பெர்மிட்டுதான் லேட்டு!"