வசந்தன் விழுங்கிய துண்டு

வசந்தன் மெல்வதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான். வாய் அசையவில்லை, கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின.

"அக்கா, இது ஆட்டுக்கறி."

காஞ்சனாவுக்குப் பகீரென்றது. அந்தத் துண்டை அவன் இலையில் வைத்ததே அவள்தான்.

காலையிலேயே பீடோங்கிலிருந்து அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அங்கே படுத்திருந்த அப்பாவுக்கு இன்று ஆப்பரேஷன். அம்மா மருத்துவமனையிலேயே இருந்தார். சித்தப்பாதான் பிள்ளைகளை இந்தச் சைவக் கடைக்கு அழைத்துவந்தார். சாப்பாடு வந்ததும் அவருடைய கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஏழு வயது வசந்தன் லேசுப்பட்ட ஆளில்லை. கோழி பொரிக்காத நாளில் சோற்றைத் தொடமாட்டான். அப்படிப்பட்டவன், அப்பா வீடு திரும்பும்வரை கறி மீன் தின்பதில்லை என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, ஒன்பது நாளாக முட்டைக்கோஸை முறைத்துக்கொண்டிருந்தான்.

"பயத்துல விழுங்கிட்டேன் அக்கா." அவன் உதடு நடுங்கியது. "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

காஞ்சனா இன்னொரு துண்டைப் பிய்த்தாள். நார் நாராக வந்தது. மென்று பார்த்தாள். அச்சு அசல் கறி. கடைப் பலகையைத் தப்பாகப் படித்துவிட்டோமோ?

பரிமாறிக்கொண்டிருந்த கடைக்கார அக்காவை மெதுவாக அழைத்தாள். "அக்கா, இது என்ன கறி?"

"கறி இல்லமா, சோயாலா. காய்ஞ்ச சோயாவ சுடுதண்ணியில ஊறவச்சுச் சமைக்கிறோம். இங்க முட்டைகூடக் கிடையாது."

காஞ்சனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வசந்தனுக்கு வரவில்லை.

"நான் அழக்கூடாதுன்னு சும்மா சொல்றாங்க," என்று முனகினான். "ஊசி வலிக்காதுன்னும் இப்படித்தான் சொன்னாங்க."

ஊசி வலிக்கத்தான் செய்தது. இனி இவனிடம் சொல்லிப் பயனில்லை, கண்ணெதிரே காட்டினால்தான் நம்புவான் என்று தோன்றியது. கடையிலோ ஒரே கூட்டம். திட்டு விழுமோ என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, சமைக்காத சோயா ஒண்ணே ஒண்ணு தருவீங்களா? கொஞ்சம் சுடுதண்ணியும் வேணும்."

அந்த அக்கா வசந்தனின் முகத்தைப் பார்த்தார். உடனே சமையலறைக்குப் போனார்.

திரும்பி வந்தவரின் கையில் ஒரு கிண்ணமும் ஒரு குவளையும் இருந்தன. கிண்ணத்தில் கிடந்தது பழைய ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. மேசையில் தட்டினால் டொக்கென்றது.

"தண்ணிய நீயே ஊத்துடா. பாத்து, சுடும்," என்றாள் காஞ்சனா.

வசந்தன் ஊற்றினான். இருவரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தத் துண்டு மெல்ல உப்பியது, நிறம் மாறியது, மெத்தென்று ஆனது. ஆறியதும் வசந்தன் அதைப் பிய்த்தான். அதே நார். முகர்ந்து பார்த்தான், அவித்த பயறு வாசனை. கொஞ்சம் கடித்தும் பார்த்தான்.

"சப்புன்னு இருக்கு. இது ஆடே இல்ல அக்கா," என்றான்.

அதன்பிறகு மசாலாத் துண்டுகளில் ஐந்தை அவன் ஒருவனே காலி செய்தான்.

ஆறாவதை எடுக்கும்போது சித்தப்பா வேகமாக உள்ளே வந்தார். "ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. சாயந்திரம் பாக்கலாமாம்."

மாலையில் அப்பா களைப்பாகக் கண் திறந்தார். ஒன்பது நாளாக, "எப்பப்பா வீட்டுக்கு வருவீங்க?" என்று தொலைபேசியில் அழுதவன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதனைப் போலச் சொன்னான்:

"அவசரப்படாதீங்கப்பா. நல்லா ஆனப்புறமே வாங்க. எத்தன நாள் ஆனாலும் விரதத்த நான் பாத்துக்குவேன்."

அப்பாவும் அம்மாவும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காஞ்சனாவால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.