உள்ள ஆள் உண்டா?

கம்ப்யூட்டரில் மறுபடியும் அந்தப் பழைய கிறிஸ்துமஸ் போட்டோதான் வந்து நின்றது. காகித நட்சத்திரத்துக்குக் கீழே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நிற்க, இடது ஓரத்தில் கையில் தட்டோடு பாஸ்கல் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டோரின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற வினோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தன. புதியதிலிருந்துதான் கம்ப்யூட்டர் எழும்ப வேண்டும். பழையது, போன வருடத்து எடைக் கணக்குகளுக்காக முதலாளி விட்டுவைக்கச் சொன்னது, சும்மா கிடக்க வேண்டியது. வெள்ளிக்கிழமையிலிருந்து அது சும்மா கிடக்க மறுத்து, தன் பழைய போட்டோவோடு முந்திக்கொண்டு எழும்பியது. திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தனியாக வந்திருந்தான்.

ஆனைக்கரையில் காலையிலிருந்து மழை. மழை ஓய்ந்ததும் மூடுபனி இறங்கி ஜன்னல்களை அடைத்துவிட்டது. மதியமே அந்தி மாதிரி இருந்தது. உலர்த்தும் அடுப்பு எரியாத நாளிலும் ஏலக்காய் வாசனை சுவரிலும் நாற்காலியிலும் அவன் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு மூக்கைக் காந்தியது. எந்த டிஸ்கை முதலில் பார்ப்பது என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, புதியதை மேலே ஏற்றி, சேமித்து, மறுபடி ஓடவிட்டான். மின்விசிறி முனகியது. திரை கறுத்தது.

பாஸ்கல் சிரித்தார்.

"தம்பி, இருக்கியா?"

தூக்கிவாரிப்போட்டது. வாசலில் குடையோடு இன்பமேரி. செத்துப்போன பாஸ்கலின் மனைவி, இதே ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள். பூசை முடிந்து நேராக வந்திருந்தாள், ஜெபமாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. வினோ அவசரமாகத் திரையை அணைத்தான்.

"அவரு செத்த அன்னைக்கு உள்ளது எல்லாம் கேமராவுல பதிஞ்சிருக்கும்னு எங்க டிஜோ சொல்றான். மகன் சொன்னா கேக்கணும்லா. அவரு குடிச்சிட்டுத்தான் உள்ள போனாரா, அத மட்டும் பாத்துச் சொல்லு தம்பி. வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு, காவி உடுத்தியிருந்த மனுஷன். மாலையோட குடிச்சாருன்னு கோயில்ல இன்னமும் ஒரு மாதிரி பாக்காங்க."

காய் உலர்த்தும் அறைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். பூட்டுகிறவன் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள ஆள் உண்டா?" என்று கேட்டு, பதில் வருகிறதா என்று நின்று பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளைப் போட வேண்டும். எல்லா ஸ்டோரிலும் அதுதான் வழக்கம். ஒருவரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தாலும் பாஸ்கல் மட்டும் மரியாதையாக இரண்டு தடவை கேட்பார். "பாதிரியார் வீட்டுக் கதவா அது?" என்று எல்லாரும் கேலி செய்வார்கள்.

பாஸ்கல் செத்த அன்று இரவு வினோ கேட்கவில்லை. காதில் போன், போனில் காதலி ஷீனா, அவளிடம் சிரித்துக்கொண்டே முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் போனான். காலையில் முதலில் வந்து தாழ்ப்பாளை எடுத்து, உள்ளே வெந்து கிடந்த பாஸ்கலைப் பார்த்ததும் அவன்தான். யாரும் கேட்பதற்கு முன்பே, "குடிச்சிட்டு உள்ள படுத்திருப்பாரு" என்றான். முதலாளிக்கும் அது வசதியாக இருந்தது. யாரும் தோண்டவில்லை. கேமராப் பதிவை அழித்துவிட்டு, பழைய டிஸ்க் கோளாறு என்று சொல்லிப் புதியதை வாங்கிப் போட்டான்.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் அழிஞ்சு போச்சு."

"அப்போ நீயும் அவரு குடிச்சிருந்தாருன்னுதான் நினைக்கியா?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. கீபோர்டைப் பார்த்தபடி, "ஆமாக்கா" என்றான்.

குடை விரியும் சத்தம் மட்டும் கேட்டது.

தன்மேல் வந்த ஆத்திரத்தையெல்லாம் பெட்டிமேல் காட்டினான். மூடியைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, பழைய டிஸ்கை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தான். தொட முடியாத சூடு. இனி எதிலிருந்து எழும்புவாய், பார்க்கலாம். பட்டனை அழுத்தினான்.

காகித நட்சத்திரம். வரிசையாக ஆட்கள். இடது ஓரத்தில் தட்டு மட்டும் தரையில் கிடந்தது. அதைப் பிடித்திருந்தவர் இல்லை.

திரையில் கேமராக் காட்சி தானாகத் திறந்தது. உலர்த்தும் அறை. மூலையில் இன்றைய தேதி. காய்த் தட்டு அடுக்குகளுக்குப் பின்னால் யாரோ குனிந்து காயைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. கழுத்தில் மாலை ஆடியது.

இன்பமேரி! குடை விரிந்ததைக் கேட்டான், அவள் போனதைப் பார்க்கவில்லையே. இன்னொரு தடவை அந்த அறையில் ஓர் ஆளை விட்டுவிட முடியாது. ஓடினான்.

"அக்கா! அக்கா!"

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனான். அடுக்குகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

யாரும் இல்லை.

அடுப்பு பற்றவைக்காத நாள். ஆனால் காலடியில் அடுப்பின் வெப்பக் குழாய்கள் கொதித்தன. வெக்கை முகத்தில் அறைந்தது. காய் வாசனை கண்ணைக் கரித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கதவில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"உள்ள ஆள் உண்டா?"

மரியாதையான குரல். அவனுக்குத் தெரிந்த குரல். கதவில் பாய்ந்து விழுந்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தான். காற்று மட்டும். கையை ஓங்கினான். கை எழவில்லை.

"உள்ள ஆள் உண்டா?"

வெப்பமானி பார்க்கக் கதவில் வைத்த சின்னக் கண்ணாடி வழியாகக் காவிச் சட்டையின் தோள் தெரிந்தது. பிறகு ஒரு காது. வெக்கையில் வதங்கி, காய்ந்த தோலாகச் சுருங்கிய காது. பதிலுக்காகக் கண்ணாடியில் அழுந்தியது. பொறுமையாக, வெகுநேரம் காத்திருந்தது.

வினோ வாயைத் திறந்தபடியே நின்றான். தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.