மேடேற ஒரு நினைப்பு

அரப்பளி ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது அவன் மனைவி வாசலில் மயங்கி விழுந்து கிடந்தாள். கண் செருகியிருந்தது. உதட்டோரம் நுரை. பிக்கப் ஓர் உறுமல் உறுமி, வண்டி நிறைய முட்டைக்கோஸோடு யானைமுடக்கு வளைவைத் தாவி ஏறியது.

வளைவு தாண்டியதும் காலைத் தளர்த்தினான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். நிஜத்தில் பூங்காவனம் அந்த நேரம் கீழூரில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நல்ல சுகத்தோடு.

அந்த மலையில் ஓடிய எல்லா வண்டிகளிலும் அப்போது பதைப்பறி வந்துவிட்டிருந்தது. ஒரு காலத்தில் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வெறும் கம்பிதான். மிதித்தால் இழுக்கும், விட்டால் அடங்கும். பிறகு புகையைக் குறைக்க ஒன்று, டீசலை மிச்சம் பிடிக்க ஒன்று என்று பெட்டி பெட்டியாக வைத்தார்கள். மிதித்த பிறகு வண்டி யோசிக்க ஆரம்பித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வளைவில் பின்னால் உருளும். எரிச்சலில் டிரைவர்கள் தரையோடு தரையாக மிதிக்க, புத்தம் புது இன்ஜின்கள் அற்ப ஆயுசில் போய்ச் சேர்ந்தன. கம்பெனிக்காரர்கள் பழியைத் தூக்கி மிதித்த காலின் மேல் போட்டார்கள்.

அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம்தான் பதைப்பறி. ஆக்ஸிலேட்டரிலும் ஸ்டியரிங்கிலும் ஒட்டியிருக்கும் தகடுகள் டிரைவரின் நாடியையும் உள்ளங்கை வியர்வையையும் படிக்கும். உண்மையிலேயே அவசரமா, சும்மா முறுக்குகிறானா என்று பார்க்கும். அவசரம் என்றால் முழு இழுவை. இல்லையென்றால் இன்ஜின் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும். சமவெளியில் எல்லோரும் இதைக் கொண்டாடினார்கள். அங்கே மேடு ஏது?

மலை டிரைவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கொரு 'நினைப்பு' வைத்துக்கொண்டார்கள். மேடு வந்ததும் எதையாவது பயங்கரமாக நினைத்துப் பதறிக்கொண்டே மிதிக்க வேண்டும், வண்டி நம்பிவிடும். ஒருவன் நினைப்பு என்ன என்று இன்னொருவன் கேட்பதில்லை. டீக்கடையில் சம்பளத்தைக் கேட்கலாம், குடும்பச் சண்டையைக் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக் கூடாது. கல்யாணமாகாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். பதறுவதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது?

அரப்பளிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பூங்காவனத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டதாக நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த மலையிலேயே வேகமான வண்டி அவனுடையது என்று பேர்.

ஒருநாள் சாப்பாடு போடும்போது அவள் கேட்டாள். "ஏனுங்க, எல்லாரும் என்னமோ நெனச்சுக்கிட்டுத்தான் மேடேறுவாங்களாமே. நீங்க என்னத்த நெனப்பீங்க?"

சோற்றில் வைத்த கை நின்றது. "உன்னத்தான்" என்றான்.

"அட, போங்க." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது. மறுநாளே பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் சொன்னாள், ராசம்மாள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று அரப்பளி தன்னைச் சமாதானம் செய்துகொண்டான்.

பொங்கல் கழிந்ததும் கம்பெனியிலிருந்து இன்ஜின்களுக்குப் புதுப் பாடம் இறங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காற்று வழியாக இறங்கும், யாரையும் கேட்காது. அதன் பிறகு வண்டிகள் முரண்டு பிடித்தன. மிதித்தால் ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறம் மனசு வந்தால் நகர்ந்தன. சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிட்டு வந்த செங்கோடன், அரப்பளியோடு கூடவே வண்டி ஓட்டிப் பழகிய சிநேகிதன், விஷயத்தைச் சொன்னான்.

"மாப்ள, வண்டி இப்ப ரெண்டையும் சேத்துப் பாக்குதாம். நீ பதறுற, போயி எறக்குறது கோஸு. இந்தப் பதப்புன்னா கோஸுதான்னு அது பழகிக்கிதாம்."

"அதுக்கு என்ன பண்றது?"

"நெனப்ப மாத்து. புதுசுன்னா நம்புது."

அரப்பளி மாற்றிப் பார்த்தான். தன் சாவை நினைத்தான், நாடி அசையவில்லை. வீடு எரிவதாக நினைத்தான், ஒரு வளைவுக்குக்கூட வரவில்லை. கடைசியில் பூங்காவனத்தையே கிணற்றில் விழவைத்தான். நாலு நாள் வண்டி பறந்தது, பிறகு அதுவும் கோஸாகிவிட்டது. பாம்பு கடிக்க விட்டான். அவளுக்கு அவ்வப்போது வரும் இளைப்பை நினைத்து, மூச்சுக்குத் தவிக்க விட்டான். அதுதான் அதிக நாள் ஓடியது. ஏனென்றால் அதை அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அந்த இளைப்பு நிஜமாகவே வந்தது. உறிஞ்சும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. உதடு கறுத்தது.

"ஆம்புலன்சக் கூப்புடு சாமி" என்றாள் ராசம்மாள்.

"அது சந்தைமேட்டுல இருந்து எறங்கி வந்து, திரும்ப ஏறோணும் அக்கா. நம்ம வண்டி அதுக்குள்ள போயிரும்."

வண்டி முரண்டு பிடிப்பதை அவன் மறக்கவில்லை. ஆனால் அது கோஸுக்கு. இது உண்மையான அவசரம், வண்டிக்குத் தெரியாமலா போய்விடும்? பூங்காவனத்தைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து சந்தைமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினான்.

யானைமுடக்கில் மிதித்தான். இன்ஜின் பெருமூச்சு விட்டது. திரையில் பச்சை எழுத்து வந்தது: 'வழக்கமான பதைப்பு. சிக்கன ஓட்டம்.'

"நெசமாடா! இது நெசம்!" என்று ஸ்டியரிங்கை அறைந்தான். இன்னும் மிதித்தான். மிதிக்க இடமில்லை. வண்டி நடந்துபோகிறவன் வேகத்தில் ஊர்ந்தது. உடம்புக்கு நிஜம் வேறு, நினைப்பு வேறு என்று தெரியாது. அவ்வளவு கச்சிதமாக, அவ்வளவு நாள் அவன் ஒத்திகை பார்த்திருந்தான். அதே நாடி, அதே வியர்வை. வண்டியைப் பொறுத்தவரை சந்தைக்குக் கோஸ் போய்க்கொண்டிருந்தது.

பூங்காவனம் அவன் தொடையில் கை வைத்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "பதறாதீங்க... என்னைய... என்னைய நெனச்சுக்குங்க... வண்டி போயிரும்."

அவளைத் தவிர அந்த நிமிடம் அவன் உடம்பில் வேறொன்றும் இல்லை. சந்தைமேட்டு வளைவு தெரிந்தபோது அந்தக் கை தொடையிலிருந்து நழுவியது. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது உயிரில்லாத அவளை இறக்கத்தான் முடிந்தது.

காரியமெல்லாம் முடிந்து, செங்கோடன் வற்புறுத்தி அவனை வண்டியில் ஏற்றிவிட்டான். "வீட்டுலயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும் மாப்ள. ஒரு லோடு போயிட்டு வா."

யானைமுடக்கு வந்தது. அரப்பளி எதையும் நினைக்கவில்லை. பயப்பட அவனிடமும் இப்போது ஒன்றும் இல்லை. வண்டி திணறி, வளைவின் நடுவே நின்றேவிட்டது. அப்போது, நினைக்காமலே, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு காது வரை சிவந்த அந்த முகம் வந்தது. 'அட, போங்க.' நெஞ்சுக்குள் என்னவோ உடைந்தது. கால் தானாக அழுந்தியது.

இன்ஜின் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஒரு கணம் தாமதமில்லை. கம்பி காலத்து வண்டிபோல, கால் நினைத்ததும் இழுத்தது.

அரப்பளி அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தான். இந்தத் துடிப்பை வண்டி இதுவரை பார்த்ததில்லை, அதனால் நம்பியது. அன்றைக்கு அவளைச் சாகிறவளாகப் பார்க்காமல், சிரித்தவளாக ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன. வேறு எதை எதையோ நினைத்து மிதித்துப் பார்த்தான். வண்டி அசையவில்லை. இதற்கு மேல் ஏற வேண்டுமானால் அவளுடைய சிரிப்பு வேண்டும். அந்த ஒன்றைத்தான் அவன் இதுவரை எந்த மேட்டுக்கும் செலவு செய்யாமல் வைத்திருந்தான். சில நாள் வண்டி நம்பும். பிறகு இதுவும் கோஸாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஏம்ப்பா, எடுக்கறயா இல்லயா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அரப்பளி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளை நினைத்தான். மிதித்தான்.

கோஸ் நேரத்துக்குச் சந்தை போய்ச் சேர்ந்தது.