ஒரு க் அதிகம்

செங்குடியில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் எல்லோரும் செய்கிற முதல் வேலை, தூங்கிக்கொண்டிருந்தபோது தாங்கள் என்னென்ன பேசினோம் என்று தெரிந்துகொள்வதுதான்.

காந்திமதியும் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டாள். சுவரிலிருந்து அவள் குரலிலேயே, அவளைவிடக் கொஞ்சம் இனிமையாகப் பதில் வந்தது. இரவு அவள் யாரோ ஒரு சுரங்கப் பொறியாளரின் பதவி உயர்வைப் பாராட்டியிருந்தாள். வியாழனின் நிலவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் தொலைநோக்கைக் கண்டு வியந்திருந்தாள். 'கசிவு எனக்குக் கற்றுத்தந்த தலைமைப் பண்பு' என்று ஒரு கட்டுரையும் எழுதியிருந்தாள். கசிவு என்னவோ உண்மைதான். போன வாரம் ஒரு குழாய் ஒழுகியது, அவள் குறடு எடுத்துப்போய் இறுக்கினாள். அதில் தலைமை எங்கே வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பேசியது அவளுடைய முன்னிழல். பின்னால் வருகிற நிழல் உடம்புக்கு, முன்னால் போகிற இந்த நிழல் பிழைப்புக்கு. செவ்வாய்க் கோளின் செங்குடிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சில்லைப் பதிக்கும்போதே இதையும் கொடுத்துவிடுவார்கள். பணிமன்றம் என்ற வலையில் அது நம் சார்பில் நாலு பேரைப் பிடித்து, பழகி, புகழ்ந்து, நம் பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். மனிதர்களுக்கு இருக்கிற கூச்சநாச்சம் அதற்குக் கிடையாது. சிறுநீரை வடிகட்டிக் குடிநீராக்கும் காந்திமதியை 'திரவ மறுபிறப்பு வல்லுநர்' என்று அது எழுதிவைத்திருந்தது. அந்தப் பெயரில் நாற்பதாயிரம் பேர் அவளுக்குப் பழக்கம்.

கடைசியாக முன்னிழல் சொன்னது: "உன் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி தண்ணீர் நிலையத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். 'புதிய பயணம் தொடங்குகிறது' என்று போட்டுவிட்டேன். வாழ்த்துகள் குவிகின்றன."

வேலை போனதற்கு வந்த வாழ்த்துகளைக் கேட்டபடியே அவள் பல் துலக்கினாள்.

செங்குடியில் காற்றும் சம்பளத்தோடு சேர்த்துத்தான். வேலை இல்லாதவர் அடுத்த கப்பலில் பூமிக்குப் போய்விட வேண்டும். பூமியின் எடையை அவள் முழங்கால்கள் மறந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. இதயமும் அங்கே தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போய் இறங்கினால் சக்கர நாற்காலி, அதைத் தள்ளுவதற்கு ஆள் கிடையாது. அம்மாவும் போய்விட்டாள்.

தங்குவதற்கு ஒரே வழி நேரறி சான்று. உயிருள்ள ஒரு மனிதர், முன்னிழல் அல்ல, 'இவரை எனக்குத் தெரியும், இவர் இங்கே வேண்டும்' என்று எழுதித் தந்தால் வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நாற்பதாயிரத்தில் ஒன்று கிடைக்காதா என்றுதான் காந்திமதி முதலில் நினைத்தாள். நிலையத்தில் அவளோடு வேலை பார்த்தவை எந்திரக் கைகள் மட்டும். சாப்பாடு அறைக்கே வந்துவிடும். பழகுவதை முன்னிழல் பார்த்துக்கொண்டதால் அவளுக்கு யாரோடும் பழகவேண்டி வரவில்லை.

ஒவ்வொருவராகத் தானே கேட்டாள். 'நீங்க மனுசங்கதானா?' என்று அனுப்பிய மறுநொடியே பதில் வந்தது. 'அருமையான கேள்வி! மனிதம் என்பது ஒரு தொடர் பயணம். உங்களோடு பயணிப்பதில் பெருமை.' நூறு பேரிடம் கேட்டபோது நூறு அருமையான கேள்விகள் கிடைத்தன.

"இவ்வளவுதானா? வேற யாருமே எனக்கு எதுவுமே எழுதலையா?" என்று முன்னிழலிடம் எரிந்து விழுந்தாள்.

"தரமற்றவற்றை ஒதுக்கிவைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை உள்ளவர்களோடு காணப்பட்டால் உன் மதிப்பு குறையும்."

"எடு அதை."

ஒதுக்குத்தொட்டியில் இருந்தது முழுக்க ஒரே ஆள் எழுதியது. அவளுடைய புதிய பயணத்தின் கீழே அவர் எழுதியிருந்தார்: 'வாழ்த்துக்கள். இனிமே தண்ணி யார் அனுப்புவாங்க?'

காந்திமதி அந்தச் சொல்லையே பார்த்தாள். வாழ்த்துக்கள். ஒரு க் அதிகம். இலக்கணம் கரைத்துக் குடித்த முன்னிழல்கள் 'வாழ்த்துகள்' என்று மட்டுமே எழுதும். அந்த க்-ஐப் போடுவதற்கு ஒரு மனிதக் கை வேண்டும், அதுவும் திருத்த ஆள் இல்லாத கை. கீழே போகப் போக, அவள் பெயரில் முன்னிழல் அடித்த ஒவ்வொரு தம்பட்டத்துக்கும் அதே வாழ்த்து, அதே க். பெயர் அருமைநாயகம். இடம், தோட்டக்கூடம். அவள் நிலையத்திலிருந்து புறப்படும் குழாய் போய் முடிகிற இடம் அது.

குழாயை ஒட்டியே நடந்தாள். தோட்டக்கூடத்தில், தக்காளிக் கொடிகளுக்கு நடுவே, நரைத்த தாடியோடு ஒருவர் குனிந்து நின்றிருந்தார்.

"நான் காந்திமதி. தண்ணி அனுப்புறவ."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவையும் துடைத்தார்.

"நீங்களா? நேர்லயே வந்துட்டிய!"

"இத்தனை வருசமா எழுதியிருக்கிய. நான் ஒண்ணுக்குமே பதில் போடல. எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

"பெரிய ஆளு, நேரம் இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன். வல்லுநர்லா நீங்க." அதைக் கேலியாக அல்லாமல் மரியாதையாகவே சொன்னார். "என் முன்னிழல நான் எடுத்து வீசிட்டேன். நான் எழுதுறத எல்லாம் திருத்திக்கிட்டே இருந்துச்சு. எங்க டீச்சர் போர்டுல எப்படி எழுதிப் போட்டாங்களோ, நான் அப்படித்தான் எழுதுவேன்."

தேநீர் போட்டுக் கொடுத்தார். அவள் அனுப்பிய தண்ணீரில் போட்ட தேநீர். குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாலஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு வாரம் தண்ணி கசந்துச்சே. ஒங்களுக்கு உடம்புக்கு முடியலையா?"

காந்திமதி குவளையைக் கீழே வைத்தாள். "அம்மா போயிட்டா. என்னால போக முடியல. அந்த வாரம் வடிகட்டி மாத்தணும்னே தோணல எனக்கு."

அப்போது முன்னிழல் என்ன போட்டிருந்தது என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'இழப்பு கற்றுத்தந்த ஐந்து மேலாண்மைப் பாடங்கள்.' பல்லாயிரம் பேர் அதைக் கொண்டாடியிருந்தார்கள். அறைக்குத் திரும்பி ஒதுக்குத்தொட்டியில் தேடினாள். அந்த ஒன்றின் கீழே மட்டும் அருமைநாயகம் வாழ்த்து எழுதவில்லை. 'அம்மாவுக்கு என்ன ஆச்சு? சாப்டீங்களா?' என்று கேட்டிருந்தார். அன்று வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. அது ஆறுதலாகவும் இருந்தது.

சான்று தர அருமைநாயகம் உடனே சம்மதித்தார். தோட்டக்கூடத்துக்கே ஓர் ஆள் தேவை, அவளே வரட்டும் என்றார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவள் வாழ்க்கை இந்தத் தாளில் இருக்கிறது, தன் பிழையால் அது கெட்டுவிடக் கூடாது என்று மனிதருக்கு ஒரு பயம். ஒவ்வொரு சொல்லுக்கும் அவளிடம் எழுத்துக் கேட்டார், அவளும் சொன்னாள். பள்ளிப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, 'வாழ்த்துகளுடன்' என்று ஒற்றை க-வோடு முடித்தார்.

இதற்குள் முன்னிழல் சும்மா இருக்குமா? 'ஓர் எழுத்துப்பிழையில் ஒரு மனிதரைக் கண்டுபிடித்தேன்' என்று பணிமன்றத்தில் போட்டுவிட்டது. பொழுது விடிவதற்குள் மூன்று கோள்களிலும் உள்ள முன்னிழல்கள் அத்தனையும் 'வாழ்த்துக்கள்' என்று எழுதத் தொடங்கின. சில, தாராளமாக இரண்டு க் போட்டன. குடியிருப்பு அலுவலகத்துச் சரிபார்ப்பு இயந்திரமும் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. அன்று வந்த சான்றுகளில் பிழை மலிந்தவை எல்லாம் மனிதர் எழுதியவை என்று தேறிவிட்டன. அருமைநாயகத்தினுடையது மட்டும் திரும்பி வந்தது.

'பிழை ஏதும் இல்லை. முன்னிழல் எழுதியதாக ஐயம். நிராகரிக்கப்பட்டது.'

இருவரும் அலுவலகத்துக்கே போனார்கள். முகப்பில் ஒரு கண்ணாடிச் சாளரம், அதன் பின்னால் பொன்னுலிங்கம் என்று பெயர்ப்பலகை, அதன் பின்னால் அரைத் தூக்கத்தில் ஓர் அதிகாரி. அங்கே யாரும் நேரில் வந்து பல காலம் ஆகியிருக்க வேண்டும். சாளரத்தில் தூசி படிந்திருந்தது.

"நான் பாட்டுக்கு எழுதியிருந்தா பாஸாகியிருக்கும்" என்று அருமைநாயகம் முனகினார்.

"நீங்க கேட்டிய, நான் சொன்னேன். இப்ப எம்மேல பழியா?"

"பழி சொல்லல. ஒங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காதுன்னு சொல்லுதேன். இதுக்கும் கோவமா?"

பொன்னுலிங்கம் கண்ணைத் திறந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாளரக் கதவை நகர்த்தித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏங்க, பேச்சு நம்ம பக்கம்லா இருக்கு? எந்த ஊரு?"

"நாசரேத்து" என்றார் அருமைநாயகம்.

"பாளையங்கோட்டை" என்றாள் காந்திமதி.

"அட! நான் திசையன்விளை. நாசரேத்துல எங்க சித்தி வீடு இருக்கே. நீங்க எந்தத் தெரு?" அவர் பேசிக்கொண்டே முத்திரையைத் தேடினார். "நம்ம ஆளுக இங்க இருக்கிய, முதல்லயே நேர்ல வந்து சொல்லக் கூடாதா? இதுக்குப் போயி மிஷின்ட்ட குடுத்துக்கிட்டு!"

முத்திரை விழுந்தது.

தெரிந்தவர், ஊர்க்காரர், வேண்டப்பட்டவர் என்ற பேச்சே இனி இருக்கக் கூடாது, திறமை ஒன்றே பேச வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று கோள்களும் சேர்ந்து அந்தப் பணிமன்றத்தைக் கட்டின. தொடக்கவிழாவில் அப்படித்தான் பேசினார்கள். அழைப்பு என்னவோ தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் போயிருந்தது.

அன்று மாலை முன்னிழல், 'தோட்டக்கூடத்தில் புதிய பொறுப்பு! தகுதி என்றும் வெல்லும்!' என்று அறிவித்தது. பிழையோடு கூடிய வாழ்த்துகள் மழையாகக் கொட்டின. காந்திமதி எதையும் பார்க்கவில்லை. தக்காளிக் கொடிகளுக்கு நடுவே அருமைநாயகத்துக்கு எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதலாம்னு பாத்தேன்" என்றார் அருமைநாயகம். "இப்ப எல்லாரும் என்னை மாதிரியே எழுதுறாங்க. நான் எழுதுனா நான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுத வேண்டாம். பக்கத்துலதான இருக்கிய? வாயால சொல்லுங்க."

அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"வாழ்த்துக்கள்."

அந்த க் அவள் காதில் நன்றாகவே விழுந்தது.