விசில் இல்லாத தேநீர் நேரம்

கொலன்னாவையில் வெள்ளம் வந்த அந்த வாரத்தை நினைத்தால், பெரிய சட்டியில் பருப்புத் தாளிக்கும் வாசம்தான் இன்றும் எனக்கு முதலில் வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

வீடு மூழ்கிய குடும்பங்கள் கொட்டாஞ்சேனையில் எங்கள் தேவாலய மண்டபத்தில் பாய் விரித்துத் தங்கியிருந்தன. அம்மா சமையலுக்கு உதவினார். நான் கோப்பை கழுவினேன். மற்றத் தொண்டர்களைப் போலவே என் தோளிலும் ஒரு மஞ்சள் ரிப்பன். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவேன்.

தொண்டர்களுக்குத் தலைவர் ஹெக்டர் அங்கிள், ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர். சாப்பாடு வந்தால் விசில். தேநீர் வந்தால் விசில். யாராவது வாசலில் செருப்பைக் குவித்தால் அதற்கும் விசில்.

ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவள் பெயர் மேனுகா. அவளுக்கும் என் வயதுதான். சாப்பாட்டு வரிசைக்கு அவள் வரவே மாட்டாள்.

ஒரு தொண்டர் அக்கா அவள் முன்னால் குந்தினார்.

"தண்ணி எப்படி வந்திச்சு? பயந்துட்டீங்களா? சொல்லுங்க பாப்போம்."

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். மேனுகா முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

அக்கா போன பிறகு நான் மீன் வைத்த மாலுபாண் ஒன்றோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பாணை இரண்டாகப் பிய்த்து, மீன் கூடுதலாக இருந்த பாதியை அவளிடம் கொடுத்தேன். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவளே கதைத்தாள்.

"தண்ணி வரேக்க எங்கட வீட்டு ஒழுங்கை நெடுக விசில் ஊதித்தான் எல்லாரையும் எழுப்பினவை. இப்ப விசில் கேட்டாலும் தண்ணி வாற மாதிரியே இருக்கு."

"ஹெக்டர் அங்கிள்கிட்ட சொல்லவா?"

அவள் யோசித்தாள். "விசிலைப் பற்றிச் சொல்லு. நான்தான் பயந்தனான் எண்டு சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

பிறகு என் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கும் இது வேணும் எண்டு கேட்டனான். நீங்கள் பாதிக்கப்பட்ட ஆக்கள், சும்மா இருங்கோ எண்டு சொல்லிப்போட்டினம்."

நான் நேரே அங்கிளிடம் போனேன்.

"அங்கிள், விசில் சத்தம் இங்க இருக்கிறவங்களுக்குப் பயமா இருக்கு. இனி ஊதாதீங்க, ப்ளீஸ்."

"யாருக்குப் பயம்?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

அங்கிள் விசிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது இல்லாம இவ்வளவு பேரை எப்படிக் கூப்பிடுறது, மகள்?"

"ஒவ்வொரு பாய்க்கும் போய்க் கூப்பிடுறோம். நான் கோப்பை கழுவ வேணும், மேனுகா கூப்பிடுவா. அவளுக்கு ஒரு ரிப்பன் குடுங்க."

"பாவம் அந்தப் பிள்ளை! வீடே மூழ்கிட்டுது. அதுகிட்ட வேலை வாங்குறதா?"

"வேலை வேணும்னு கேட்டதே அவதான், அங்கிள். களைச்சா நிப்பாட்டட்டும்."

அங்கிள் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். தன் தோளிலிருந்த ரிப்பனை எடுத்துக்கொண்டு மேனுகாவிடம் நடந்தார்.

அன்று பின்னேரம் மேனுகா பாய் பாயாகப் போனாள். "தேத்தண்ணி ரெடி, வாங்கோ."

மூலையில் நாகேந்திரம் ஐயா இருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது; விசில் ஊதினாலும் தேநீர் ஆறிய பிறகுதான் வருவார். அவள் அவருக்கு முன்னால் போய் நின்று, கோப்பையைத் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டினாள்.

ஐயா வந்து ஒரு வாய் குடித்தார். கண்கள் விரிந்தன.

"அட, சுடுது! கொட்டாஞ்சேனையில தேத்தண்ணியை ஆறவிட்டுத்தான் குடிக்கிறவை எண்டெல்லோ நினைச்சன்!"

மண்டபமே சிரித்தது. ஹெக்டர் அங்கிள்தான் சிரிக்கவில்லை. ஐயாவின் கோப்பையை வாங்கி மறுபடி நிரப்பினார்.

நான் கோப்பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாரோ முன்னால் வந்து நின்றார்கள். மேனுகா.

"ரொஷேல், தேத்தண்ணி ரெடி. வாறியா?"

இத்தனை நாளில் கோப்பை கழுவும் என்னை யாரும் தேநீர் குடிக்கக் கூப்பிட்டதில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனேன். அவள் தன் பாயில் எனக்கும் இடம் விட்டு வைத்திருந்தாள்.